அம்பு ஏன் இடப்பக்கமே போகிறது? மரபு வில்லில் குறி தவறும்போது அறிகுறி வாரியாகப் பார்க்க வேண்டியவை

பெங்களூரில் மரபு வில் எய்பவர்கள் ஞாயிறு காலைகளில் என்னிடம் கொண்டுவரும் புகார்கள் பெரும்பாலும் ஒரே ஐந்தாறுதான். "அண்ணா, எல்லா அம்பும் லெஃப்ட்லயே போகுது." "ஒண்ணு மேல, ஒண்ணு கீழ." "இழுக்கும்போதே அம்பு நழுவி விழுந்துடுது." கூடவே அடுத்த கேள்வியும் வரும்: "ஸ்பைன் மாத்தணுமா? புது அம்பு வாங்கிடட்டுமா?" ஸ்பைன் என்றால் அம்பின் விறைப்பு. பெரும்பாலான நேரம் இரண்டுமே வேண்டியதில்லை. கை விரலில் இருக்கும் பிழையை அம்பின் மேல் போட்டுப் பணத்தைச் செலவழிப்பவர்களைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. அதனால்தான் செலவில்லாத காரணத்தை முதலிலும், செலவு வைக்கும் காரணத்தைக் கடைசியிலும் வைத்து இதை எழுதுகிறேன்.

சைட் (குறி பார்க்கும் கருவி), ஸ்டெபிலைசர் (ஆட்டம் குறைக்கும் தண்டு) எதுவும் இல்லாத ரிகர்வ் (முனைகள் முன்னோக்கி வளைந்த வில்) அல்லது லாங்போ (நீண்ட நேர் வில்), நாணை மூன்று விரலால் இழுப்பது, அம்பை ஷெல்ஃப் (கைப்பிடிக்கு மேலுள்ள திட்டு) மேல் வைத்து எய்வது, வலக்கை வில்லாளி. இந்த நான்கையும் மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். இடக்கைக்காரர்கள் இடம், வலம் இரண்டையும் மாற்றிப் படியுங்கள்.

## எதையும் தொடும் முன்

அம்புகளுக்கு எண் எழுதுங்கள். இறகுக்குப் பக்கத்தில், மார்க்கரால், 1 முதல் 6 வரை. 10 மீட்டரில் நின்று ஆறையும் எய்து, எந்த எண் எங்கே குத்தியது என்று ஒரு தாளில் புள்ளி வையுங்கள். இதை மூன்று சுற்று செய்தால் போதும், பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

- ஒரே எண் மட்டும் ஒவ்வொரு சுற்றிலும் தனியாகப் போகிறது: பிழை அந்த அம்பில். வளைந்திருக்கலாம், இறகு பிரிந்திருக்கலாம், நாக் (அம்பின் வாலில் நாணை மாட்டும் பிளவு) விரிசல் விட்டிருக்கலாம். அதை ஒதுக்கி வையுங்கள்.
- ஆறும் நெருக்கமாக ஒரே இடத்தில் விழுகின்றன, ஆனால் அந்த இடம் தவறு: உங்கள் உடல் ஒரே மாதிரி வேலை செய்கிறது. குறி பார்ப்பதையும் வில்லையும் அம்பையும் பார்க்கலாம்.
- ஆறும் பரவிக் கிடக்கின்றன: கருவியைத் தொடாதீர்கள். உடலில்தான் தேட வேண்டும்.

கார்பன் அம்பு என்றால், ஒவ்வொரு முறை எய்யும் முன்பும் இரு கையாலும் பிடித்து மெதுவாக வளைத்துப் பாருங்கள். 'கிரக்' என்று சிறு சத்தம் வந்தாலும் அதை உடைத்துக் குப்பையில் போடுங்கள். விரிசல் விட்ட கார்பன் நாணை விட்டுக் கிளம்பும்போது சிதறி, வில் பிடித்த கைக்குள் ஏறிவிடும்.

இன்னொன்று, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். நாக்கிங் பாயிண்டையும் (நாணில் அம்பை மாட்டும் இடம்) ஆங்கரையும் (இழுத்த கை முகத்தில் நிற்கும் இடம்) ஒரே காலையில் மாற்றினால், எது பலன் தந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. உங்களுக்கு உதவ வருபவராலும் முடியாது.

## அம்புகள் இடப்பக்கம் போகின்றன

### இடப்பக்கமாகச் சிதறுகின்றன என்றால்

ரிலீஸ். அதிகம் பார்ப்பது இதைத்தான். நாணை விடும் நேரத்தில் கை முகத்தை விட்டு வெளியே பறக்கிறது. நாண் வலப்புறம் இழுபட்டு, அம்பின் முனை இடம் திரும்புகிறது. யாரையாவது பின்னால் நிற்கச் சொல்லி, போனில் ஸ்லோ மோஷனில் எடுங்கள். விட்ட பிறகு கை கழுத்தை ஒட்டி, காதுக்குக் கீழே பின்னால் போயிருந்தால் சரி. முகத்துக்கு ஒரு சாண் தள்ளி அந்தரத்தில் நின்றால் இதுதான் காரணம்.

இதற்கு விரலைத் 'திறக்க' முயலாதீர்கள், திறக்க முயன்றால் இன்னும் மோசமாகும். முதுகால் இழுத்துக்கொண்டே இருங்கள், விரலில் பிடியை மட்டும் தளர்த்துங்கள். நாண் தானே போய்விடும். பட் எனும் அம்பு குத்தும் தடுப்பிலிருந்து 3 மீட்டரில் நின்று, இலக்குத் தாள் எதுவும் ஒட்டாமல், தடுப்பை நோக்கி முழுதாக இழுத்ததும் கண்ணை மூடிக்கொண்டு எய்யுங்கள். குறி இல்லாதபோதுதான் கை என்ன செய்கிறது என்று உணர முடியும். பக்கத்தில் ஒருவர் நின்று கவனிக்கட்டும்.

உடை. டிசம்பர் காலையில் ஜெர்கின், ஜூனில் ரெயின்கோட், மற்ற நாளில் தொளதொள டி-ஷர்ட். நாண் மார்பிலோ சட்டைக் கையிலோ உரசினாலே அம்பு திசை மாறும். ஆம் கார்டிலும் (முன்கைக் காப்பு) மார்பிலும் கொஞ்சம் டால்கம் பவுடர் தூவி இரண்டு அம்பு விடுங்கள். கோடு விழுந்திருந்தால் உரசுகிறது. துணியை ஊக்கால் பிடித்துக் கட்டினாலே பலருக்குச் சரியாகிவிடுகிறது.

வில் பிடித்த கை. கைப்பிடியை இறுக்கிப் பிடித்தால், விடும் நொடியில் வில் திருகிக்கொள்ளும். இதில் நம்ம ஊருக்கே உரிய ஒரு காரணம் உண்டு. சில்க் போர்டு சிக்னல் நெரிசலைக் கடந்து கியர் பைக்கில் வருபவர்களுக்கு இடக்கை முழுக்க கிளட்ச் பிடித்து இறுகிப் போயிருக்கும். அதே கைதான் வில்லையும் பிடிக்க வேண்டும். வந்தவுடன் எய்யாதீர்கள். பத்து நிமிடம் கையை உதறி, மணிக்கட்டைச் சுழற்றி, விரல்களைப் பின்னால் வளைத்துத் தளர்த்துங்கள். எய்யும்போது கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் லேசாக வளைந்திருந்தால் போதும். மற்ற மூன்று விரலுக்கும் வேலையே இல்லை. வில் விழுந்துவிடும் என்று பயமாக இருந்தால் ஃபிங்கர் ஸ்லிங் (வில்லைச் சுற்றி விரல்களில் மாட்டும் கயிறு) போட்டுக்கொள்ளுங்கள். ஒரு ஷூ லேஸ் போதும்.

### நெருக்கமான குழுவாக இடப்பக்கம் என்றால்

எந்தக் கண் ஆள்கிறது? இரு உள்ளங்கையையும் நீட்டி, நடுவில் சிறு முக்கோண ஓட்டை விட்டு, இரண்டு கண்ணும் திறந்தபடி தூரத்தில் ஒரு பொருளைப் பாருங்கள். கையை மெதுவாக முகத்தை நோக்கிக் கொண்டுவாருங்கள். ஓட்டை எந்தக் கண்ணுக்கு வருகிறதோ அதுதான் ஆளும் கண். வலக்கையால் இழுக்கும் ஒருவருக்கு இடக்கண் ஆண்டால், அம்பின் பின்முனை வலக்கண்ணின் கீழ் இருக்க, குறி பார்ப்பது இடக்கண்ணாக இருக்கும். அம்பு கொஞ்சமாக அல்ல, நன்றாகவே இடம் தள்ளிப் போகும். புதிதாகத் தொடங்கியவர் என்றால் இடக்கை வில்லுக்கு மாறிவிடுவது நல்லது என்பது என் கருத்து. ஆண்டுக்கணக்கில் எய்து பழகியவர் இடக்கண்ணை மூடியோ, கண்ணாடியின் இடப்பக்கம் டேப் ஒட்டியோ சமாளிக்கலாம்.

ஆங்கர் முகத்தை விட்டு விலகியிருக்கிறதா? நாண் முகத்தைத் தொடாமல் ஒரு விரல் தள்ளி நின்றாலும் இதே விளைவுதான், அளவு குறைவு. முன்னால் இருந்து ஒரு போட்டோ எடுத்தால் தெரியும்.

இனிதான் அம்பு. மேலே சொன்ன எல்லாம் சரியாக இருந்து, குழு இன்னும் இடப்பக்கம் என்றால் அம்பு உங்கள் வில்லுக்கு விறைப்பு அதிகமாக இருக்கலாம். இறகில்லாத ஓர் அம்பை, இறகுள்ள மூன்றோடு சேர்த்து 10 மீட்டரில் எய்யுங்கள். இறகில்லாதது குழுவுக்கு இடப்பக்கம் விழுந்தால் விறைப்பு, வலப்பக்கம் விழுந்தால் தளர்வு. ஒரு தடவை பார்த்து முடிவு செய்யாதீர்கள், ஐந்தாறு தடவை அதே பக்கம் விழ வேண்டும்.

விறைப்பு என்றால் முதலில் ஷெல்ஃபின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் தோலையோ வெல்க்ரோவையோ மெல்லியதாக மாற்றுங்கள். அப்புறம் முனையின் எடையைக் கூட்டுங்கள்: 100 கிரெய்ன் (சுமார் 6.5 கிராம்) இருந்தால் 125, அதற்கும் மேல் 145. அதிலும் சரியாகவில்லை என்றால் மட்டும் வேறு ஸ்பைன். கார்பனில் எண் சிறிதாகச் சிறிதாக விறைப்பு கூடும். 500-ஐவிட 400 விறைப்பு. மர அம்பில் ஸ்பைன் பவுண்டு கணக்கில் இருப்பதால் அங்கே எண் பெரிதானால்தான் விறைப்பு. இதைக் குழப்பிக்கொண்டு நேரெதிராக ஆர்டர் போட்டவர்கள் உண்டு.

யாரைக் கூப்பிடுவது: மூன்று வாரம் ரிலீஸ் பயிற்சி செய்தும் சிதறல் குறையவில்லை என்றால் ஒரு பயிற்சியாளரிடம் ஒரு மணி நேரம் நில்லுங்கள். புது அம்பு ஒரு டஜன் வாங்குவதைவிட அது மலிவு, பலனும் கூடுதல்.

## அம்புகள் வலப்பக்கம் போகின்றன

இது குறைவாகவே வரும் புகார். தலையை அதிகமாகச் சாய்த்துக் கண்ணை நாணுக்கு வலப்புறம் கொண்டுபோகிறீர்களா என்று முதலில் பாருங்கள். அடுத்து, விட்டதும் அம்பு எங்கே போகிறது என்று எட்டிப் பார்க்க வில்லை ஒதுக்குகிறீர்களா என்று வீடியோவில் கவனியுங்கள். அதுவும் இல்லை என்றால் அம்பு தளர்வாக இருக்கலாம். முனையின் எடையைக் குறையுங்கள். ஷாஃப்ட் (அம்புத்தண்டு) நீளமாக இருந்தால் கால் அங்குலம் கால் அங்குலமாக வெட்டலாம். வெட்டியதை ஒட்ட முடியாது என்பதால், வெட்டும் முன் அனுபவமுள்ள ஒருவரிடம் இறகில்லாத அம்பின் முடிவைக் காட்டிவிடுங்கள்.

## அம்புகள் மேலும் கீழும் சிதறுகின்றன

நான் அதிகம் நேரம் செலவழிப்பது இந்த அறிகுறியோடுதான். மரபு வில்லில் சைட் இல்லை. உங்கள் முகம்தான் பின் சைட். முகத்தில் கை படும் இடம் மாறினால் எல்லாமே மாறும்.

ஒரு கணக்கு சொல்கிறேன். அம்பின் நீளம் 70 செ.மீ. என்று வையுங்கள். ஆங்கர் வெறும் 5 மி.மீ. மேலே ஏறினால், 18 மீட்டரில் அம்பு ஏறக்குறைய 13 செ.மீ. கீழே குத்தும். உள்ளரங்கப் போட்டியில் 18 மீட்டருக்கு வைக்கும் 40 செ.மீ. தாளில் மஞ்சள் வட்டத்தின் மொத்தக் குறுக்களவே 8 செ.மீ.தான். அரை சென்டிமீட்டர் கை ஏறியதற்கு மஞ்சளிலிருந்து கறுப்புக்குப் போய்விடுகிறீர்கள்.

1. ஆங்கரில் இரண்டு தொடுபுள்ளி இருக்கிறதா? "வாய் ஓரத்தில் வைக்கிறேன்" என்பது போதாது. ஆள்காட்டி விரல் வாயோரப் பல்லின் மேல் என்றால், இன்னொரு தொடுதலும் வேண்டும்: மேல் இறகு மூக்கு நுனியைத் தொடுவது, அல்லது கட்டைவிரலின் அடிக்கணு தாடை எலும்பின் கீழ் உட்காருவது. கண்ணை மூடிக்கொண்டு இழுத்து நிறுத்தி, இரண்டும் தொடுகிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். வாயைத் திறந்து மூடுகிறவர்களுக்கு ஆங்கர் தானே நகரும். பல்லைக் கடித்தபடி எய்யுங்கள்.

2. ஒவ்வொரு முறையும் அதே நீளத்துக்கு இழுக்கிறீர்களா? வில்லில் எழுதியிருக்கும் எடை, அதாவது நாணை இழுக்கத் தேவையான விசை, 28 அங்குல இழுப்புக்கானது. ஓர் அங்குலம் கூடினாலோ குறைந்தாலோ 2 முதல் 3 பவுண்டு மாறும். களைத்துப் போனவர் ஆங்கருக்கு வந்த பிறகும் விடும் முன் அரை அங்குலம் முன்னால் தளர்ந்துவிடுவார். அவருக்கே தெரியாது. அம்பு கீழே போகும். ஷாஃப்டில் அரை அங்குல இடைவெளியில் மார்க்கரால் கோடுகள் போட்டு, நண்பரைப் பக்கவாட்டில் பாதுகாப்பான தூரத்தில், உங்களுக்குப் பின்தள்ளி நின்று பார்க்கச் சொல்லுங்கள். விடும் நேரத்தில் எந்தக் கோடு ஷெல்ஃபில் இருந்தது என்று அவர் சொல்லட்டும், நீங்கள் கேட்காமல் எய்யுங்கள். பத்து அம்புக்குப் பிறகு கேளுங்கள்.

3. வில் கை கீழே விழுகிறதா? அம்பு பட்டில் குத்தும் சத்தம் கேட்கும்வரை கையை அப்படியே வைத்திருங்கள்.

4. வில் உங்களுக்குக் கனமா? ஆங்கரில் ஐந்து நொடி நடுக்கமில்லாமல் நிற்க முடியவில்லை என்றால் வில் கனம்தான். முதல் வில்லாக 45 பவுண்டு வாங்கிவிட்டு அல்லாடும் தம்பிகளைப் பார்க்கிறேன். பெரியவர்களுக்குக்கூடத் தொடக்கத்துக்கு 20 முதல் 25 பவுண்டு போதும். இரவல் வாங்கியாவது ஒரு மாதம் லேசான வில்லில் எய்து பாருங்கள். உண்மையான எடை தெரிய வேண்டும் என்றால், எஸ்.பி. ரோட்டுக் கடைகளில் லக்கேஜ் எடை பார்க்கும் கொக்கித் தராசு மலிவாகக் கிடைக்கும். அதை நாணில் மாட்டி உங்கள் இழுப்பு நீளத்துக்கு இழுத்தால் தெரிந்துவிடும். நீண்ட கையுள்ளவர்கள் '40 பவுண்டு' வில்லில் 45-ஐ இழுத்துக்கொண்டிருப்பார்கள்.

5. நாக்கிங் பாயிண்ட் நகர்ந்திருக்கிறதா? பித்தளை வளையம் தளர்ந்து நாணில் ஏறி இறங்குவதுண்டு. அம்பை மாட்டும் இடம், ஷெல்ஃபிலிருந்து நாணுக்குப் போகும் செங்கோட்டுக்கு அரை அங்குலம் போல மேலே இருக்க வேண்டும். மூன்று விரலையும் அம்புக்குக் கீழே வைத்து இழுப்பவர்களுக்கு இன்னும் சற்று மேலே. பல் தேய்க்கும் ஃப்ளாஸ் நூலைச் சுற்றி முடிச்சுப் போட்டாலே உறுதியான நாக்கிங் பாயிண்ட் கிடைக்கும், பித்தளையைவிட எனக்கு அதுதான் பிடிக்கும்.

6. அம்புகளின் எடை ஒன்றா? மர அம்பில் இது முக்கியம். நகைக்கடைத் தராசு போன்ற சிறு டிஜிட்டல் தராசில் ஒவ்வொன்றையும் நிறுத்து, எடை நெருக்கமானவற்றை ஒரு கட்டாகச் சேருங்கள். 10 கிரெய்ன் என்பது 0.65 கிராம்.

இந்த ஆறில் முதல் மூன்றைத் தாண்ட வேண்டிய தேவை பெரும்பாலோருக்கு வருவதில்லை.

## இழுக்கும்போதே அம்பு ஷெல்ஃபை விட்டு நழுவுகிறது

புதியவர்களை அழவைக்கும் பிழை இது. காரணம் பெரும்பாலும் விரல்கள் அம்பின் நாக் பகுதியை இறுக்கிக் கிள்ளுவதுதான். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் அம்பை நசுக்கினால், இழுக்கும்போது நாண் விரலில் உருளும், அம்பும் கூடவே திரும்பி வெளியே போகும்.

விரல் நுனியில் பிடிக்காமல் முதல் மடிப்பில் நாணை ஆழமாக மாட்டுங்கள். தண்ணீர் வாளியைக் கைப்பிடியில் தூக்குவதுபோல விரல்கள் மட்டும் கொக்கியாகட்டும், புறங்கை தட்டையாக, தளர்வாக இருக்கட்டும். விரலுக்கும் அம்பின் நாக் பகுதிக்கும் நடுவே ஒரு நூல் இடைவெளி விடுங்கள். வில்லின் மேல்முனையைச் சற்று வலப்பக்கம் சாய்த்தால் அம்பு ஷெல்ஃபில் தானே படுத்துக்கொள்ளும். ஆனால் எவ்வளவு சாய்க்கிறீர்களோ அதையே எப்போதும் சாய்க்க வேண்டும், சாய்வு மாறினால் குழுவும் இடம் மாறும்.

இடது கை ஆள்காட்டி விரலால் அம்பைத் தாங்கிப் பிடிக்கும் பழக்கம் மட்டும் வேண்டாம். இறகின் முன்முனை விரலைக் கிழித்துவிடும்.

அதன் பிறகும் விழுந்தால் நாக் பிடிப்பைப் பாருங்கள். அம்பை நாணில் மாட்டிக் கீழ்நோக்கித் தொங்கவிட்டால் தொங்க வேண்டும். நாணை விரலால் லேசாகத் தட்டினால் கழன்று விழ வேண்டும். தட்டாமலே விழுந்தால் நாணின் நடுச்சுற்றில் (நடுவில் சுற்றியிருக்கும் நூல்) ஃப்ளாஸ் சேர்த்துத் தடிமனாக்கலாம். தட்டியும் விழவில்லை என்றால் நடுச்சுற்றை மெல்லிய நூலில் மாற்றிச் சுற்ற வேண்டும். அந்த வேலையை முதல்முறை நாண் கட்டத் தெரிந்தவரிடம் கொடுங்கள், கூட நின்று பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள்.

## நாண் முன்கையில் அடிக்கிறது

ஆம் கார்டு போடுங்கள், ஆனால் அதோடு விட்டுவிடாதீர்கள். கார்டு வலியைத்தான் தடுக்கும். நாண் தொடர்ந்து கார்டில் அடித்தால் அம்பு இடப்பக்கம் போய்க்கொண்டேதான் இருக்கும்.

முழங்கை திரும்பியிருக்கிறதா என்று பாருங்கள். சுவரில் இடக்கையை நீட்டி ஊன்றி, உள்ளங்கை நகராமல் முழங்கையின் உட்குழி வானத்தைப் பார்க்காமல் உள்பக்கம் பார்க்கும்படி திருப்பப் பழகுங்கள். இதைப் படுக்கும் முன் தினமும் செய்தால் ஒன்றிரண்டு வாரத்தில் கைக்குப் பழகும். முழங்கை இயல்பாகவே அதிகம் வளைந்து நீளும் கைகள் சிலருக்கு உண்டு. அவர்கள் முழுக்கப் பூட்டாமல் மிகச் சிறிய மடிப்போடு வைக்கலாம்.

அடுத்தது கைப்பிடி. வில்லின் கைப்பிடி கட்டைவிரல் மேட்டில், ஆயுள்ரேகைக்கு வெளிப்பக்கம் உட்கார வேண்டும். உள்ளங்கை நடுவில் உட்கார்ந்தால் மணிக்கட்டு நாணின் வழியில் வந்துவிடும்.

கடைசியாக பிரேஸ் ஹைட். கைப்பிடியின் ஆழமான இடத்திலிருந்து நாண்வரை அளந்து பாருங்கள். பொதுவாக ஒருதுண்டு ரிகர்வுக்கு 7.5 முதல் 8.25 அங்குலம், லாங்போவுக்கு 6.5 முதல் 7.5. உங்கள் வில்லைச் செய்தவர் தந்த எண் வேறாக இருந்தால் அதுவே சரி. குறைந்திருந்தால் நாணைக் கழற்றி ஐந்தாறு முறுக்குச் சேர்த்து மாட்டுங்கள்.

## அம்பு ஆடிக்கொண்டே பறக்கிறது

வாலைப் பக்கவாட்டில் ஆட்டினால் ரிலீஸும் ஸ்பைனும். முன்னே சொன்னதைப் பாருங்கள். மேலும் கீழுமாக ஆடினால் நாக்கிங் பாயிண்ட்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது, கவனம். நாக்கிங் பாயிண்ட் மிகத் தாழ்வாக இருந்தால், அம்பின் பின்பகுதி ஷெல்ஃபில் மோதி எம்பும். பார்க்க, அது உயரமாக இருப்பதுபோலவே தெரியும். நீங்கள் இன்னும் கீழே இறக்குவீர்கள், ஆட்டம் கூடும். அதனால் எப்போதும் தேவைக்கு மேலே வைத்துத் தொடங்குங்கள், முக்கால் அங்குலம்கூட வைக்கலாம். இறகில்லாத அம்பு குழுவுக்குக் கீழே விழும். ஒரு மில்லிமீட்டர், இரண்டு மில்லிமீட்டராக இறக்கிக்கொண்டே வாருங்கள். இறகில்லாததும் இறகுள்ளதும் ஒரே உயரத்தில் குத்தும் இடத்தில் நிறுத்துங்கள்.

இறகுக்குப் பதில் பிளாஸ்டிக் வேன் ஒட்டிய அம்பை ஷெல்ஃப் மேல் எய்கிறீர்கள் என்றால் ஆட்டத்துக்கு வேறு காரணமே தேட வேண்டாம். இறகு ஷெல்ஃபில் உரசினால் மடங்கிக் கொடுக்கும், பிளாஸ்டிக் மடங்காமல் அம்பை உதைத்துத் தள்ளும். நிஜ இறகுக்கு மாறுங்கள். ஆனால் நிஜ இறகுக்கு மழை ஆகாது. மே மாலையிலும் அக்டோபரிலும் நனைந்து ஷாஃப்டோடு ஒட்டிப்போன இறகு, அம்பை நேராக்காது. நனைந்ததை ஹேர் டிரையரின் மிதச்சூட்டில், அல்லது கொதிக்கும் கெட்டில் ஆவியில் காட்டினால் மீண்டும் விரியும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பிற்பகலில் மேற்கிலிருந்து காற்று வலுவாக இருக்கும். அந்த நேரத்தில் அம்பின் பறப்பைச் சோதிக்க வேண்டாம். காலை ஏழு மணிக்குச் சோதியுங்கள்.

## குறியைத் தொட்டதும் கை தானாக விட்டுவிடுகிறது

இதைப் பற்றிப் பலர் வெளியே பேசத் தயங்குகிறார்கள். தயங்க வேண்டாம். டார்கெட் பேனிக் என்று எல்லா நாட்டிலும் சொல்லும் இது, நன்றாக எய்பவர்களையும் பிடிக்கும். அம்புமுனை மஞ்சளைத் தொட்ட கணத்தில் ஆங்கருக்கு வரும் முன்பே விரல் திறந்துவிடும். சிலருக்கு எதிர்மாறாக, முனை குறிக்குக் கீழேயே உறைந்து நிற்கும், எவ்வளவு முயன்றாலும் மேலே வராது. மனவலிமை குறைவு என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். குறியைப் பார்ப்பதும் விடுவதும் மூளையில் ஒரே செயலாக ஒட்டிக்கொண்டுவிட்டன. இரண்டையும் பிரிக்க வேண்டும், அவ்வளவுதான்.

பிரிக்கும் வழி இது. முதல் இரண்டு வாரம் தாளே இல்லாமல் 3 மீட்டரில் கண்ணை மூடி எய்யுங்கள். மஞ்சளைப் பார்க்கவே பார்க்காதீர்கள். அடுத்து, 10 மீட்டரில் தாளை ஒட்டி, அம்பு மாட்டி, இழுத்து, முனையை மஞ்சளில் வைத்து, மூன்று வரை எண்ணி, விடாமல் மெதுவாக இறக்குங்கள். இதைப் பல முறை. விடாமல் இறக்க உடல் கற்றுக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. பிறகு மூன்று முறை இறக்கி, நான்காவது முறை மட்டும் எய்யுங்கள். எந்த முறை எய்வது என்று இழுக்கும் முன்பே முடிவு செய்திருக்க வேண்டும், இழுத்த பின் மனதை மாற்றக் கூடாது.

அம்பு மாட்டாமல் நாணை இழுத்து விடுவது மட்டும் எந்தப் பயிற்சியிலும் வேண்டாம். அம்பில்லாமல் ஒரே ஒரு முறை விட்டாலும் வில் உடையலாம்.

இந்த நாட்களில் வில்லின் எடையையும் குறைக்க முடிந்தால் குறையுங்கள். கனமான வில்லில் மூன்று எண்ணவே நேரம் கிடைக்காது. புள்ளிகளை எழுதிவைப்பதை நிறுத்துங்கள். நண்பர்கள் போட்டி போடலாம் என்று கூப்பிட்டால் ஒரு மாதம் கழித்து வருகிறேன் என்று சொல்லிவிடுங்கள்.

யாரைக் கூப்பிடுவது: ஆறு வாரத்தில் மாற்றமே இல்லை என்றால் இந்தப் பிரச்சினையை முன்பு கையாண்ட பயிற்சியாளரைத் தேடுங்கள். எல்லாப் பயிற்சியாளருக்கும் இதில் அனுபவம் இருக்காது, நேராகவே கேட்டுவிடுங்கள்.

## முதல் அரை மணி நன்றாகப் போகிறது, அப்புறம் சிதறுகிறது, அல்லது வலிக்கிறது

களைப்புதான். குழு விரியத் தொடங்கியதும் நிறுத்துங்கள். களைத்த பின் எய்யும் ஒவ்வோர் அம்பும் தவறான பழக்கத்தைத்தான் கைக்குக் கற்றுத்தருகிறது. வாரத்துக்கு ஒரு நாள் இருநூறு அம்பு என்பதைவிட நான்கு நாள், நாளுக்கு நாற்பது என்பது உடலுக்கு நல்லது. வீட்டில் இடமில்லாதவர்கள் ரப்பர் பேண்டை இழுத்து ஆங்கரில் நிறுத்திப் பழகலாம். பட்டோ வலையோ இல்லாத மொட்டை மாடியில் ஓர் அம்புகூட வேண்டாம், பக்கத்து வீட்டுக் குழந்தை அடுத்த மாடியில் விளையாடிக்கொண்டிருக்கும்.

வலியைப் பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். இரண்டு தோள்பட்டைக்கும் நடுவே முதுகில் அலுப்பு என்றால் சரியான தசை வேலை செய்கிறது, மகிழ்ச்சி. விரல் நுனி சிவந்து எரிந்தால் ஃபிங்கர் டேப் (விரல் காக்கும் தோல்) தேய்ந்திருக்கும், மாற்றுங்கள். விரல் மரத்துப்போய் மறுநாளும் உணர்வு முழுதாகத் திரும்பவில்லை என்றால் நரம்பு நசுங்குகிறது. வில்லை மூட்டைகட்டிவிட்டு மருத்துவரைப் பாருங்கள். கையைப் பக்கவாட்டில் தூக்கும்போது தோள் முனையில் குத்துவது, இரவில் அந்தப் பக்கம் படுக்க முடியாமல் போவது இரண்டும் எலும்பு மருத்துவரிடமோ விளையாட்டு பிசியோதெரபிஸ்டிடமோ காட்ட வேண்டியவை. தைலம் தடவிக்கொண்டு எய்து அதை இன்னும் கிழித்துக்கொள்ளாதீர்கள்.

## நேற்றுவரை சரியாக இருந்த வில் இன்று வேறு மாதிரி எய்கிறது, சத்தமும் கூடியிருக்கிறது

இங்கே முதல்முறையாகக் கருவியை முதலில் சந்தேகிக்கலாம். பிரேஸ் ஹைட்டை அளங்கள். புது நாண் முதல் சில நூறு அம்புக்குள் நீளும், முக்கியமாக டேக்ரான் என்ற பாலியஸ்டர் நாண். நாண் நீண்டால் பிரேஸ் ஹைட் குறையும், சத்தம் கூடும், குழு நகரும். முறுக்கினால் சரியாகும். சரியான அளவை ஒரு தாளில் எழுதி வில் பையிலேயே போட்டு வையுங்கள்.

அம்பு மிக லேசாக இருந்தாலும் வில் சத்தம் போடும், லிம்புக்கும் (வில்லின் வளையும் பாகம்) கேடு. இழுக்கும் ஒவ்வொரு பவுண்டுக்கும் குறைந்தது 8 கிரெய்ன் அம்பெடை வேண்டும். 40 பவுண்டுக்கு 320. மரபு வில்லுக்கு 9, 10 இன்னும் இதம். அம்பெடை சரியாக இருந்தும் சத்தம் என்றால் நாணில் இரண்டு இடத்தில் கம்பளி நூல் குஞ்சம் கட்டலாம். கழற்றி மாட்டும் வில் என்றால் லிம்ப் போல்ட்டுகளையும் கையால் இறுக்கிப் பாருங்கள்.

நாணில் ஓர் இழை அறுந்திருந்தாலும் புது நாண். பழைய மரவில்லுக்கு டேக்ரான் மட்டும் போடுங்கள். ஃபாஸ்ட் ஃபிளைட் போன்ற நீளாத நாணுக்குச் செய்யப்படாத வில்லில் அதைப் போட்டால் முனைகள் பிளக்கும்.

இனி லிம்ப். வில்லை ஒரு நாற்காலி முதுகில் சாய்த்து, பின்னால் நின்று நாணை லிம்பின் நடுவோடு சேர்த்துப் பாருங்கள். மேலும் கீழும் நாண் நடுவில் போக வேண்டும். ஒரு முனையில் ஒதுங்கியிருந்தால் லிம்ப் முறுக்கிக்கொண்டிருக்கிறது. வில்லைக் காலுக்கிடையில் விட்டு வளைத்து நாண் ஏற்றுபவர்களுக்கு இது அதிகம் வரும். நாண் ஏற்ற உதவும் ஸ்ட்ரிங்கர் கயிறு ஒன்று வாங்குங்கள், விலை குறைவு. மார்ச், ஏப்ரலில் வெயிலில் நிறுத்திய காருக்குள் வில்லை விட்டுவிட்டு அலுவலகம் போவதும் இன்னொரு காரணம், ஒட்டுப்பசை இளகி அடுக்குகள் பிரியும். மூங்கில் வில் வைத்திருப்பவர்கள் எய்து முடித்ததும் நாணை இறக்கிவிடுங்கள்.

கொஞ்சம் பஞ்சை எடுத்து லிம்பின் இருபுறமும் ஓரங்களிலும் இழுத்துப் பாருங்கள். எங்காவது பஞ்சு சிக்கினால் அங்கே விரிசலோ சிலாம்போ தொடங்கியிருக்கிறது. லிம்பின் குறுக்கே வெள்ளைக் கோடு, அடுக்குகளுக்கு நடுவே நகம் நுழையும் இடைவெளி, இழுக்கும்போது 'டிக்' என்று ஒரு சத்தம்: இவற்றில் எது இருந்தாலும் நாணை இறக்குங்கள், இன்னொரு முறை இழுத்துச் சோதிக்க வேண்டாம். பசை போட்டு ஒட்டி எய்யலாம் என்று யார் சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள். 40 பவுண்டில் வளைந்த லிம்ப் முகத்துக்கு ஒரு சாண் தள்ளி உடைகிறது. முறுக்கிய லிம்பை நிமிர்த்த முடியுமா, பிரிந்ததைக் காப்பாற்ற முடியுமா, புது லிம்ப்தான் வழியா என்பதை வில் செய்பவர் பார்த்துச் சொல்லட்டும். அவரிடம் எடுத்துப்போகும்போது வில்லோடு அம்பு ஒன்றையும், பிரேஸ் ஹைட் எழுதிய தாளையும் கொண்டுபோங்கள்.